குளிரில் சாவியைத் திருப்பினால் வேன் கிளம்புவது யாரால்? சார்லஸ் கெட்டரிங்கின் கதை

ஜூன் பள்ளி விடுமுறை. இங்கே வெயில் கொளுத்தும். நியூசிலாந்தில் அப்போது குளிர்காலம். பழைய பெட்ரோல் கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றவேண்டும் என்று பலருக்கும் ஆசை. படுக்கை, அடுப்பு, சின்ன மேசை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஏரிக்கரையில் நிறுத்தித் தூங்கலாம்.

சிக்கல் காலையில்தான். கண்ணாடியெல்லாம் உறைபனி. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சோம்பலாக இரண்டு சுற்று சுற்றும், அப்புறம் நின்றுவிடும்.

தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் இதை இரண்டே சொல்லில் சொல்லிவிடுவார்கள்: செல்ஃப் எடுக்கலை. அந்த 'செல்ஃப்', செல்ஃப் ஸ்டார்ட்டர் என்பதன் சுருக்கம். கையால் சுற்றாமல் எஞ்சின் தானாகவே கிளம்ப உதவும் மின்மோட்டார் அது. அதைக் கார்களில் உருப்படியாக வேலை செய்யவைத்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர். பழைய பெட்ரோல் வண்டிகளில் தீப்பொறியை உண்டாக்கும் ஏற்பாட்டுக்கும் அவர் பெயர்தான்: கெட்டரிங் இக்னிஷன்.

பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனை அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் பிறந்தது. அந்தத் தவறைத் திருத்த உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

யார் இந்த மனிதர்?

குளிரில் எஞ்சினுக்கு என்ன ஆகிறது?

கெட்டரிங் எதோடு போராடினார் என்பது புரிய, முதலில் குளிரைப் புரிந்துகொள்ளவேண்டும்.

ஒன்று, பெட்ரோல். திரவமாக இருக்கும் பெட்ரோல் சரியாக எரியாது. அது ஆவியாகிக் காற்றோடு கலக்கவேண்டும். குளிரில் குறைவாகத்தான் ஆவியாகும். அதனால்தான் பழைய கார்புரேட்டரில் 'சோக்' என்ற தகடு இருக்கிறது. காற்று போகும் வழியை அது பாதி அடைத்து, கலவையில் பெட்ரோலின் அளவைக் கூட்டுகிறது.

இரண்டு, எஞ்சின் எண்ணெய். குளிரில் அது தேன்போலக் கெட்டியாகிவிடும். அதைக் கிழித்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றக் கூடுதல் பலம் வேண்டும்.

மூன்று, பேட்டரி. உள்ளே நடக்கும் வேதிவினை குளிரில் மெதுவாகிறது. கூடுதல் பலம் தேவைப்படும் நேரம் பார்த்து அது குறைவாகக் கொடுக்கும். வெளிநாட்டுக் கடைகளில் பேட்டரிமேல் குளிர்காலத் திறன் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அது மைனஸ் 18 டிகிரி செல்சியசில் அளந்த எண்.

ஆக, சாவியைத் திருப்பும் அந்தச் சில நொடிகள்தான் வண்டிக்கு மிகக் கடினமான நேரம். 110 ஆண்டுகளுக்குமுன் அந்தக் கடினத்தைத் தாங்கியது மனிதனின் கை.

ஹேண்டில் போட்ட காலம்

அன்றைய கார்களுக்கு முன்பக்கம் ஓர் ஓட்டை இருக்கும். அதில் வளைந்த இரும்புக் கம்பியைச் செருகி, ஒருவர் பலம்கொண்ட மட்டும் சுற்றவேண்டும். தமிழில் 'ஹேண்டில் போடுவது' என்பார்கள். பழைய லாரி ஓட்டிய தாத்தாக்களைக் கேட்டால் தெரியும்.

வெறும் களைப்போடு போனால் பரவாயில்லை. அதில் ஆபத்தும் இருந்தது. தீப்பொறி வரும் நேரத்தை ஒரு சின்ன நெம்புகோலால் தள்ளிவைத்துவிட்டுத்தான் சுற்றவேண்டும். மறந்துவிட்டால் பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும் முன்பே உள்ளே வெடிப்பு நடந்துவிடும். பிஸ்டன் பின்னால் உதைக்கும். கம்பி எதிர்த்திசையில் பாயும். மணிக்கட்டு முறியும், கட்டைவிரல் பிசகும். அதனால்தான் கம்பியைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதே என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

குளிர்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். எண்ணெய் கெட்டி, கை விறைப்பு, தரையில் வழுக்கும் பனி. எத்தனை முறை சுற்றவேண்டும் என்பது யாருக்கும் தெரியாது.

பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர் பற்றி டெட்ராய்ட்டில் ஒரு கதை உண்டு. பாலத்தில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு உதவப்போய், கம்பி தாடையில் அடித்து, அதன் தொடர்ச்சியாக 1908-இல் அவர் இறந்தார் என்பார்கள். விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஆனால், நண்பரின் அந்த மரணம்தான் கேடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலண்டை உலுக்கியது என்றே கதை சொல்கிறது. கம்பி இல்லாமல் காரைக் கிளப்ப வழி தேட ஆரம்பித்தார் லீலண்ட்.

கண் வலியோடு படித்த பையன்

கெட்டரிங் பிறந்தது 1876 ஆகஸ்ட் 29. ஒஹாயோ மாநிலத்தில், லௌடன்வில் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீடு. குளிர்காலத்தில் பனி கொட்டும் பூமி அது.

பையனுக்குச் சிறுவயதிலிருந்தே கண்பார்வை மோசம். கொஞ்ச நேரம் படித்தாலே தலைவலி வந்துவிடும். பள்ளி முடித்ததும் கிராமப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு கல்லூரிக்குப் போனார். கண் ஒத்துழைக்கவில்லை, படிப்பை நிறுத்தவேண்டிவந்தது.

வீட்டில் முடங்கி உட்காராமல், தொலைபேசிக் கம்பம் நடும் குழுவில் சேர்ந்தார். குழி தோண்டினார், கம்பி இழுத்தார், குழுவுக்குத் தலைவரும் ஆனார். வெளியே வேலை செய்ததில் கண்ணுக்கும் ஓய்வு கிடைத்தது. மின்சாரத்தை அவர் கையால் பழகியது அங்கேதான். பிற்காலத்தில் மனைவியான ஆலிவ் வில்லியம்ஸை அவர் சந்தித்ததும் அந்தக் காலத்தில்தான்.

மறுபடி ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் போனார். பாடப்புத்தகத்தை நண்பர்கள் வாசிக்க, இவர் காதால் கேட்டுப் படித்தார். 1904-இல் மின்பொறியியல் பட்டம் கிடைத்தபோது வயது 27. கூடப் படித்தவர்களைவிட மூத்தவர். ஆனால், கம்பத்தில் ஏறியவர், மண்வெட்டி பிடித்தவர். அந்த அனுபவம் வீண்போகவில்லை.

கல்லாப்பெட்டி சொன்ன ரகசியம்

பட்டம் வாங்கியதும் டேட்டன் நகரில் இருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். கடைகளில் காசு போட்டுவைக்கும் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் நிறுவனம் அது.

அன்றைய கல்லாப்பெட்டியில் கைப்பிடியைச் சுற்றினால்தான் இழுப்பறை திறக்கும். நாள் முழுதும் சுற்றிச் சுற்றிக் கடைக்காரருக்குக் கை ஓய்ந்துவிடும். அதற்கு மின்மோட்டார் பொருத்தும் வேலை கெட்டரிங்கிடம் வந்தது.

இங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இழுப்பறை நாள் முழுதும் திறந்துகொண்டே இருப்பதில்லை. ஒரு நொடி வேலை, அப்புறம் ஓய்வு. அப்படியென்றால் பெரிய மோட்டார் எதற்கு? சின்ன மோட்டாரையே அதன் வழக்கமான அளவுக்குமேல் அந்த ஒரு நொடி வேலை வாங்கலாம். சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், பின்னாளில் உலகத்திலுள்ள கார்களையெல்லாம் கிளப்பியது இந்த யோசனைதான்.

கொட்டகையில் ஓர் ஆய்வுக்கூடம்

அதே நிறுவனத்தில் எட்வர்ட் டீட்ஸ் என்ற மேலதிகாரி இருந்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கொட்டகை. வேலை முடிந்தபின் மாலையிலும் வார இறுதியிலும் கெட்டரிங்கும் சில நண்பர்களும் அங்கே கூடினார்கள். அவர்களுக்கு வந்த பெயர்: கொட்டகைக் கும்பல்.

முதலில் அவர்கள் கைவைத்தது தீப்பொறியில். பேட்டரியின் குறைந்த மின்னழுத்தத்தை ஒரு காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும். 'பாயிண்ட்' என்ற சின்ன சுவிட்ச் சரியான நேரத்தில் திறக்கும். அந்தக் கணத்தில் ஸ்பார்க் பிளக்கின் முனையில் பொறி பறக்கும். லீலண்டுக்கு இது பிடித்துப்போய் கேடிலாக் கார்களுக்கு ஆர்டர் கொடுத்தார். 1909-இல் டெல்கோ நிறுவனம் பிறந்தது.

1970களின் கேம்பர்வேனைத் திறந்து பார்த்தாலும் இதே காயில், இதே பாயிண்ட்தான் இருக்கும். மின்னணு இக்னிஷன் வரும்வரை, கிட்டத்தட்ட 60 ஆண்டுகளுக்கு மேல் உலகம் இந்த ஏற்பாட்டை நம்பி ஓடியது.

செல்ஃப் ஸ்டார்ட்டர் எப்படி வந்தது?

அடுத்து லீலண்ட் கேட்டது, கம்பி சுற்றாமல் கிளம்பும் கார்.

அதற்குமுன் பலர் முயன்றிருந்தார்கள். அழுத்தக் காற்று, சுருள்வில், அசிட்டிலீன் வாயு என்று என்னென்னவோ செய்துபார்த்தார்கள். மின்மோட்டாரால் முடியாது என்பதே பொதுவான கருத்து. எஞ்சினைச் சுற்றும் அளவுக்குப் பலமான மோட்டார் எஞ்சின் அளவுக்கே பெரிதாக இருக்கும். அதற்கான பேட்டரியைத் தூக்க இன்னொரு வண்டி வேண்டும் என்று கணக்குச் சொன்னார்கள்.

கணக்கில் தப்பில்லை. கேள்விதான் தப்பு. நாள் முழுதும் எஞ்சினைச் சுற்றும் மோட்டாரைப் பற்றி அவர்கள் யோசித்தார்கள். கெட்டரிங் கல்லாப்பெட்டியை நினைத்தார். சில நொடி சுற்றினால் போதுமே! எஞ்சின் பற்றிக்கொண்டால் அப்புறம் அது பார்த்துக்கொள்ளும்.

சின்ன மோட்டார், அதன் முனையில் சின்னப் பல்சக்கரம். அது எஞ்சினின் பெரிய ஃபிளைவீலைச் சுற்றும். சிறியது பலமுறை சுற்ற, பெரியது ஒருமுறை சுற்றும். வேகம் குறையும், பலம் கூடும். கிளப்பும்போது 24 வோல்ட். விளக்குக்கும் பொறிக்கும் 6 வோல்ட். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பிக்கொடுக்கும்.

1911 பிப்ரவரியில் லீலண்டிடம் செய்து காட்டினார்கள். 1912 மாடல் கேடிலாக்கில் மின்ஸ்டார்ட்டர், மின்விளக்கு, மின்பொறி மூன்றும் ஒன்றாக வந்தன. 1920 வாக்கில் அமெரிக்காவின் பெரும்பாலான கார் தயாரிப்பாளர்கள் செல்ஃப் ஸ்டார்ட்டருக்கு மாறியிருந்தார்கள்.

ஒரு பித்தான் எதையெல்லாம் மாற்றியது?

கை பலம் உள்ளவர்தான் கார் ஓட்டமுடியும் என்ற நிலை போனது. பெண்கள், வயதானவர்கள், தனியாகப் பயணம் செய்பவர்கள் எல்லாரும் யாரையும் எதிர்பார்க்காமல் காரைக் கிளப்ப முடிந்தது. குளிர்காலத்தில் மருத்துவர் நள்ளிரவில் நோயாளி வீட்டுக்குப் போகவேண்டும் என்றாலும் கம்பியோடு போராடவேண்டியதில்லை.

இன்னொரு விளைவும் உண்டு. இன்று மின்சாரக் கார்களைப் புதுசு என்று நினைக்கிறோம். 1900களின் தொடக்கத்திலேயே அமெரிக்க நகரங்களில் அவை ஓடின. கம்பி சுற்றத் தேவையில்லை என்பது அவற்றின் பெரிய கவர்ச்சி. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே மின்சாரக் கார்தான் ஓட்டினார். பெட்ரோல் காருக்கும் செல்ஃப் வந்தபின் அந்தக் கவர்ச்சி போய்விட்டது. மின்சாரக் கார் மங்கிப்போனதற்குப் பல காரணங்களில் இதுவும் ஒன்று.

பழைய வேனைக் குளிரில் கிளப்புவது எப்படி?

கெட்டரிங்கின் இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒரே பேட்டரியை நம்பி இருக்கின்றன. இதுதான் பழைய வண்டியின் பலவீனம். ஸ்டார்ட்டர் மின்சாரத்தை உறிஞ்சும்போது காயிலுக்குப் போகும் மின்னழுத்தம் விழுந்துவிடும். எஞ்சின் சுற்றும், ஆனால் பொறி பலவீனமாக இருக்கும். 6 வோல்ட் பேட்டரி உள்ள 1960களின் ஃபோக்ஸ்வேகன் வேன்களில் இந்தத் தொல்லை அதிகம். பிறகு 12 வோல்ட் வந்தது கைகொடுத்தது.

இதைத் தெரிந்துகொண்டால் செய்யவேண்டியது தானாகப் புரியும்.

முதலில் விளக்கு, ஹீட்டர் விசிறி, வானொலி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பேட்டரியில் இருப்பது எல்லாம் ஸ்டார்ட்டருக்கும் பொறிக்கும் போகட்டும்.

சோக்கைக் கையால் இழுக்கும் வகை என்றால் முழுதாக இழுங்கள். தானியங்கி சோக் என்றால் சாவியைத் திருப்பும்முன் ஆக்சிலரேட்டரை ஒருமுறை மெதுவாக அடிவரை அழுத்தி விட்டுவிடுங்கள். அதில்தான் சோக் தகடு தன் இடத்தில் உட்காரும். திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள்.

கிளட்சை அழுத்திப் பிடியுங்கள். கியர்பெட்டியிலுள்ள கெட்டி எண்ணெயையும் சேர்த்துச் சுற்றும் வேலை ஸ்டார்ட்டருக்கு மிச்சமாகும்.

சாவியை ஒரே மூச்சில் 10 நொடிக்குமேல் பிடித்துவைக்காதீர்கள். விட்டுவிட்டு அரை நிமிடமாவது காத்திருங்கள். இது பொறுமைக்கான அறிவுரை மட்டுமல்ல. ஸ்டார்ட்டர், கல்லாப்பெட்டி யோசனையில் பிறந்த மோட்டார். கொஞ்ச நேர வேலைக்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அதிக நேரம் ஓட்டினால் சூடாகி எரிந்துபோகும். இடைவெளி கொடுத்தால் பேட்டரியும் கொஞ்சம் மூச்சுவிடும்.

பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தால், உள்ளே பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்துவிட்டது என்று பொருள். சோக்கைத் தள்ளிவிட்டு, ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்புங்கள். காற்று அதிகமாகப் போய்க் கலவை சரியாகும்.

அப்படியும் முடியவில்லையா? டிஸ்டிரிபியூட்டர் மூடியின் உள்ளே பனி ஈரம் இருக்கிறதா என்று, சாவியை எடுத்துவிட்டுப் பாருங்கள். காய்ந்த துணியால் துடைத்தாலே பல நேரம் வேலை முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அது உயிரைப் பறிக்கும். எஞ்சினைச் சூடாக்குகிறேன் என்று அடியில் நெருப்பு காட்டவும் கூடாது.

தோற்றுப்போன எஞ்சின்

டெல்கோவை விற்றதில் கெட்டரிங் பெரும் பணக்காரர் ஆனார். கைமாறிய டெல்கோ கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸிடம் சேர்ந்தது. 1920 முதல் 1947 வரை அந்த நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். விரைவில் காயும் கார் வண்ணப்பூச்சு, ரயிலை இழுக்கும் டீசல் எஞ்சின் என்று அவர் தலைமையில் நிறைய நடந்தது.

எல்லாமே வெற்றி என்று நினைக்கவேண்டாம். தண்ணீர் இல்லாமல், தாமிரத் தகடுகளும் காற்றும் மட்டுமே குளிர்விக்கும் எஞ்சின் ஒன்றை அவர் உருவாக்கினார். ரேடியேட்டரில் தண்ணீர் உறையும் கவலை இல்லை. குளிர்நாட்டுக்கு நல்ல யோசனை. ஆனால், 1923-இல் ஷெவர்லே கார்களில் வந்தபோது அது சூடாகித் திணறியது. கார்களைத் திரும்பப் பெற்றார்கள். மனம் உடைந்த கெட்டரிங் ராஜினாமா செய்ய முன்வந்தார். நிறுவனத் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் விடவில்லை.

காற்றால் குளிரும் எஞ்சின் பின்னர் ஃபோக்ஸ்வேகன் வேன்களில் வேறு வடிவில் வெற்றிபெற்றது. பனியில் உறையத் தண்ணீரே இல்லாத வண்டிகள் அவை.

ஈயம்: தெரிந்தே எடுத்த முடிவு

கேடிலாக் எஞ்சின்களில் மேடு ஏறும்போது டக் டக் என்று தட்டும் சத்தம் வந்தது. டெல்கோ பொறிதான் காரணம் என்று சிலர் குறைசொன்னார்கள். கெட்டரிங்குக்கு ரோஷம் வந்துவிட்டது. குற்றம் பொறியில் இல்லை, பெட்ரோலில்தான் என்று காட்ட ஆராய்ச்சியில் இறங்கினார். பொறுப்பு அவருடைய உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியிடம் போனது.

பல பொருள்களைச் சோதித்தார்கள். ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் குறைந்தது. ஆனால், 1921 டிசம்பரில் மிட்ஜ்லி கண்ட ஈயச் சேர்மம் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்தது. மலிவு. காப்புரிமையும் வாங்கலாம். 1923-இல் டேட்டனில் விற்பனை தொடங்கியது. 1924-இல் ஈதைல் நிறுவனம் பிறந்தது. முதல் தலைவர் கெட்டரிங்.

ஈயம் நஞ்சு என்பது அன்றைக்குத் தெரியாத விஷயமா? இல்லை. மிட்ஜ்லியே ஈய நச்சால் உடல்நலம் கெட்டு ஓய்வெடுத்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். பலர் புத்தி பேதலித்து மருத்துவமனைக்குப் போனார்கள்.

விற்பனை சில காலம் நின்றது. 1925-இல் அரசாங்கம் கூட்டம் போட்டது. தொழில்சார் நோய்களில் பெயர்பெற்ற மருத்துவர் ஆலிஸ் ஹாமில்ட்டன் போன்றவர்கள் எச்சரித்தார்கள். கெட்டரிங் தன் தரப்பைச் சொன்னார்: எஞ்சினுக்கு இது தேவை, பாதுகாப்பாகக் கையாளலாம் என்பது அவர் நிலை. மறு ஆண்டே விற்பனை மீண்டும் தொடங்கியது.

அதற்குப் பிறகு கார் போன இடமெல்லாம் புகையில் ஈயமும் போனது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. 1965-இல் கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, மனிதன் உண்டாக்கிய ஈயம் எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்று காட்டினார். சிங்கப்பூர் 1998-இல் ஈய பெட்ரோலை நிறுத்தியது. சாலை வாகனங்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல்தான். ஏறக்குறைய நூறு ஆண்டு!

பழைய வேன் வைத்திருப்பவர்களுக்கு இதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. ஈய பெட்ரோலை நம்பிச் செய்த சில எஞ்சின்களில், ஈயம் இல்லாத பெட்ரோல் போட்டால் வால்வு உட்காரும் இடம் தேயும். அதற்காகக் கடினமான உலோக வளையம் பொருத்துகிறார்கள், அல்லது பெட்ரோலில் வேறு திரவம் கலக்கிறார்கள்.

மிட்ஜ்லி குழு குளிர்பதனப் பெட்டிக்காகக் கண்டுபிடித்த ஃப்ரியான் வாயுவும் கெட்டரிங்கின் கண்காணிப்பில் வந்ததுதான். ஓசோன் படலத்தை அந்த வகை வாயுக்கள் அரிப்பது பிறகுதான் தெரிந்தது. 1987-இல் மாண்ட்ரியல் உடன்பாடு அவற்றைக் கட்டுப்படுத்தியது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடக்கூடாது. ஃப்ரியானின் தீமை அன்று யாருக்கும் தெரியாது. ஈயத்தைப் பற்றி எச்சரிக்கை அவர் முன்னாலேயே வைக்கப்பட்டது.

கடைசி ஆண்டுகள்

1945-இல் ஸ்லோன் கொடுத்த நன்கொடையில் நியூயார்க்கில் ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு நிலையம் உருவானது. தொழிற்சாலை ஆராய்ச்சி முறையை மருத்துவத்துக்குக் கொண்டுபோவது நோக்கம். மறு ஆண்டே ஆலிவ் புற்றுநோயால் இறந்தார்.

கெட்டரிங் 1958 நவம்பரில் டேட்டன் அருகே தம் வீட்டில் காலமானார். வயது 82. பெயரில் நூற்றுக்கும் அதிகமான காப்புரிமைகள். வீடு இருந்த ஊருக்கே கெட்டரிங் என்று பெயர். மிச்சிகனில் ஒரு பல்கலைக்கழகமும் அவர் பெயரைச் சுமக்கிறது. ஸ்லோன்-கெட்டரிங் நிலையம் இன்றும் உலகின் முக்கியப் புற்றுநோய் மையங்களில் ஒன்று.

அவரை எப்படி எடைபோடுவது?

பண்ணையில் வளர்ந்த, கண் சரியில்லாத ஒருவர், மற்றவர்களின் கையை முறித்த கம்பியைத் தூக்கி எறிந்தார். எல்லாரும் ஒரே கேள்வியில் சிக்கியிருந்தபோது அவர் கேள்வியை மாற்றினார். எவ்வளவு பலம் வேண்டும் என்று கேட்காமல், எவ்வளவு நேரத்துக்கு வேண்டும் என்று கேட்டார். பொறியியல் படிக்கும் மாணவர்கள் இதை மனத்தில் குறித்துக்கொள்ளலாம்.

ஈயத்தில் அவர் அப்படிக் கேள்வியை மாற்றவில்லை. எஞ்சின் தட்டாமல் ஓடுமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும் நிறுத்திக்கொண்டார். அந்தப் புகையை யார் சுவாசிப்பார்கள் என்று மற்றவர்கள் கேட்டபோது, அதைத் தன்னுடைய கேள்வியாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கார் வைத்திருந்தவருக்கு எஞ்சின் அமைதியாக ஓடியது. காரே இல்லாத வீட்டுக் குழந்தையின் ரத்தத்திலும் ஈயம் சேர்ந்தது.

மின்சாரக் காரில் கிளப்புவதற்கு எஞ்சினே இல்லை. ஸ்டார்ட்டரும் வேண்டாம், தீப்பொறியும் வேண்டாம். ஆனால், அதன் பேட்டரிக்கான உலோகத்தை எங்கிருந்து எடுக்கிறோம், பழசானதும் எங்கே போடுகிறோம் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கெட்டரிங்கின் வாழ்க்கை அதற்கு ஒரு நல்ல நினைவூட்டல்.